கொழுப்பு மாத்திரை இரத்தக் கொதிப்பைக் குறைக்குமா?



திருமங்கலம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு வயது 52. நாலு வருஷமாக இரத்தக் கொதிப்பு. தினம் காலையில் ஒரு அம்லோடிபின் மாத்திரை போட்டு, 160-க்கு மேலே இருந்த பி.பி. 130-க்கு வந்து நிற்கிறது. போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கொழுப்பு கூடுதலா இருக்கு, பீடி வேற குடிக்கிறீங்க" என்று சொல்லி, ராத்திரிக்கு அட்டார்வாஸ்டாட்டின் என்கிற மாத்திரையையும் டாக்டர் சேர்த்து எழுதினார். ஒரு நாள் மனைவி மாடத்தில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்க்கிறார்.

"என்னங்க, காலை மாத்திரை அப்படியே இருக்கு. பத்து நாளா தொடவே இல்லையா?"

"அதான் ராத்திரி ஒண்ணு போடுறேன்ல. அது கொழுப்பையும் கரைக்கும், பிரஷரையும் இறக்கும்னு டீக்கடையில சொன்னாங்க. எதுக்கு ரெண்டு? சூடு வேற."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"இதையெல்லாமா போயி கேப்பாங்க!"

கேட்கத்தான் வேண்டும். டீக்கடையில் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் சுலபமாகத் தள்ளிவிடலாம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் பலர் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கை கால் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பார்ப்போம்.

இரண்டு நோய், ஒரே குழாய்

இருதயம் இரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அந்த வேகத்தில் குழாயின் சுவர் மேல் விழும் அழுத்தம்தான் பி.பி. பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் நாளில் கரை எப்படித் தாங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறிய தண்ணீர் தினமும் ஓடினால் கரை தேயும், எங்காவது ஓரிடத்தில் உடையும். மூளையில் அப்படிக் குழாய் உடைந்தாலும் சரி, அடைத்துக்கொண்டாலும் சரி, அதைப் பக்கவாதம் என்கிறோம்.

கொழுப்பின் வேலை வேறு மாதிரி. வாய்க்காலில் வண்டல் படிவது போலக் குழாயில் கொழுப்பு படிகிறது என்று பலரும் சொல்வார்கள். அது அவ்வளவு சரியான உவமை அல்ல. கொழுப்பு குழாய்ச் சுவரின் உள்ளே போய்த் தங்குகிறது. மழைக்காலத்தில் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு வருகிறதே, அது மாதிரி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு நாள் அந்த உப்பல் வெடிக்கும். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். இருதயத்துக் குழாயில் இப்படி நடப்பதுதான் மாரடைப்பு. அழுத்தம் அதிகமான குழாயில் கொழுப்பு சீக்கிரம் உள்ளே இறங்கும் என்பதால் இந்த இரண்டு நோயும் ஒன்றுக்கொன்று துணை. ஒருவருக்கே இரண்டும் இருப்பதை ஊரில் நிறையப் பார்க்கிறோம்.

மாத்திரை வந்த வழி

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளில் அதிகம் கொடுக்கப்படுவது 'ஸ்டாட்டின்' வகை. அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எல்லாம் இந்தக் குடும்பம். இதன் கதை நெல் விளைவிக்கும் நம்மவர்களுக்குப் பிடிக்கும். ஜப்பான் நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து, 1973-ல், கொழுப்பைக் குறைக்கும் பொருளைக் கண்டுபிடித்தார். இந்த வகையில் முதல் மாத்திரை 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்டோ 2024-ல் காலமானார். இன்று நமக்குக் கிடைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் மருந்து ஆலையில் செய்யப்படுவது. ஆனால் வழி காட்டியது அந்த அரிசிப் பூஞ்சணம்தான். (இதைப் படித்துவிட்டுப் பூசணம் பிடித்த அரிசியை யாரும் பொங்கித் தின்ன வேண்டாம். அது விஷம்.)

நம் உடம்பில் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதியைச் செய்வது நம்முடைய ஈரல். சாப்பாட்டிலிருந்து வருவது குறைவு. ஸ்டாட்டின் மாத்திரை ஈரல் கொழுப்பைச் செய்வதைக் குறைக்கிறது. கைவசம் போதாததால் ஈரல் இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. "நான் கறியே தொடுறதில்லை, எனக்கு எப்படிங்க கொழுப்பு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பி.பி. எவ்வளவு இறங்கும்?

குழாயின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. குழாயைத் தளர்த்தி விரிக்கும் ஒருவிதமான வாயுவை அது சுரக்கிறது. கொழுப்பு கூடினால் அந்தச் சுரப்பு கெடும், குழாய் விறைக்கும். ஸ்டாட்டின் போட்டால் சவ்வு ஓரளவு தேறி, குழாய் கொஞ்சம் நெகிழும். பி.பி. சற்றே இறங்குவது அதனால்தான்.

எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் விஷயம். பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2007-ல் கணக்குப் பார்த்தார்கள். மேல் பி.பி. சராசரியாக 2 பாயிண்ட்தான் குறைந்திருந்தது. ஆரம்பத்திலேயே பி.பி. 130-க்கு மேல் இருந்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்ததில் 4 பாயிண்ட். அவ்வளவுதான். பி.பி. மாத்திரை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, 24 மணி நேரமும் அளக்கும் கருவியைக் கையில் கட்டி இத்தாலி நாட்டில் சோதித்தபோது, கொழுப்பு மாத்திரையால் பி.பி.யில் வித்தியாசமே தெரியவில்லை.

2 பாயிண்ட் என்பது எவ்வளவு? நீங்கள் வெயிலில் நடந்து வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, நர்சம்மாவிடம் கையை நீட்டினால் ஏறும் பி.பி. அதைவிட அதிகம். நம்முடைய திருமங்கலத்துக்காரருக்கு 160 இருந்தது. கொழுப்பு மாத்திரையை மட்டும் நம்பினால் 156-ல் நிற்பார். 156 என்பது நல்ல பி.பி. அல்ல.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பி.பி. மருந்து மூன்று, கொழுப்பு மருந்து ஒன்று, ஆஸ்பிரின் ஒன்று ஆக ஐந்தையும் ஒரே கூட்டில் அடைத்து, இந்தியாவில் 50 இடங்களில் 2,053 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. சில பிரிவினருக்குப் பி.பி. மருந்து இல்லாமல் கொழுப்பு மருந்தோ ஆஸ்பிரினோ மட்டும் கொடுத்தார்கள். அவர்களோடு ஒப்பிட, ஐந்தும் சேர்ந்த கூட்டைப் போட்டவர்களுக்கு மேல் பி.பி. 7 பாயிண்டுக்கு மேல் குறைந்திருந்தது. பி.பி. மருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடக் கூடத்தான் பி.பி. இறங்கியது.

"அப்போ எதுக்கு அந்த மாத்திரை?"

நல்ல கேள்வி. இங்கேதான் பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, "பிரஷர் இறங்கலேன்னா இது வேஸ்ட்டு" என்று கொழுப்பு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது முதல் தவறைப் போலவே பெரிய தவறு.

இங்கிலாந்து, அயர்லாந்து, இன்னும் சில வட ஐரோப்பிய நாடுகளில் இரத்தக் கொதிப்புள்ள 10,305 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2003-ல் முடிவு வெளியாயிற்று. எல்லாருக்கும் பி.பி. மருந்து உண்டு. பாதிப் பேருக்கு அதோடு அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஐந்து வருஷம் நடத்துவதாக ஏற்பாடு. மூன்று வருஷம் கடந்ததுமே நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் பலன் அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்தது. வெறும் மாத்திரை போட்ட கூட்டத்தில் 154 பேருக்கு மாரடைப்போ அதனால் மரணமோ ஏற்பட்டது. மருந்து போட்ட கூட்டத்தில் 100 பேருக்கு. பக்கவாதமும் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு கூட்டத்தாருக்கும் பி.பி. ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அதாவது, பி.பி.யை இறக்காமலே அந்த மாத்திரை மாரடைப்பைத் தடுத்திருக்கிறது. ஓதம் ஏறிய பூச்சு வெடிக்காமல் அது கெட்டிப்படுத்துகிறது. பி.பி. மாத்திரை வாய்க்காலில் வரும் தண்ணீரை அடக்குகிறது. இது கரையைக் காக்கிறது. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

அதற்காக இரத்தக் கொதிப்புள்ள எல்லாருக்கும் கொழுப்பு மாத்திரை என்றும் இல்லை. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள், புகை, வயது, கொழுப்பு எல்லாம் சேர்ந்து ஆபத்துக் கூடியவர்கள் ஆகியோருக்கு டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று மருந்துக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. கணவனுக்குக் கொடுத்த அட்டையில் மனைவி பாதி எடுத்துக்கொள்வதும் நம் ஊரில் நடக்கிறது. வேண்டவே வேண்டாம்.

2023 முதல் தமிழ்நாட்டில் 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் உடனே மூன்று வகை மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இவற்றோடு மூன்றாவது இதே அட்டார்வாஸ்டாட்டின். நெஞ்சை அழுத்தி, இடது தோள், தாடை வரை வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கால் வலியும் வலி மாத்திரையும்

கொழுப்பு மாத்திரை போட்டால் கால் குடையும், சதை வலிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. சிலருக்கு வலிப்பது உண்மை. ஆனால் நாற்று நட்டுவிட்டு வந்தாலும் வலிக்கும், வயசானாலும் வலிக்கும். மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துச் சோதித்தபோது கூடப் பலர் அதே வலியைச் சொன்னார்கள். பழியை முழுக்க மாத்திரை மேல் போட முடியாது.

இதில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கால் வலிக்கிறதென்று கடையில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறார்கள். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கொழுப்பு மாத்திரை இறக்கும் 2 பாயிண்டை இது ஒரு வாரத்தில் தின்றுவிடும். வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு ஸ்டாட்டின் மாற்றித் தருவார். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் வலித்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இது மிக அபூர்வம்.

கணுக்கால் வீங்கினால் அது பெரும்பாலும் அம்லோடிபினால் வருவது. அதையும் சொல்லுங்கள். அம்லோடிபின் போடுகிறவர்களுக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. எனவே வெளியில் தனியார் டாக்டரைப் பார்க்கும்போது ஏற்கெனவே போடும் மாத்திரைகளைக் காட்டாமல் மருந்து வாங்காதீர்கள்.

மனைவிக்குத் தனியாக

தாய்மார்களே, குழந்தை பெறும் வயதில் உள்ளவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளைக்கும் உடம்புக்கும் கொழுப்பு தேவை. கர்ப்பத்தில் தாயின் இரத்தத்தில் கொழுப்பு தானாகவே கூடும், அது நோயல்ல. ஆகவே குழந்தை வேண்டுமென்று இருவரும் முடிவு செய்யும்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டால், ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வார். பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம். தெரியாமல் ஓரிரு வாரம் போட்டுவிட்டால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து கலைக்க ஓடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், போதும்.

இதைவிடக் கவனம் வேண்டியது பி.பி. மாத்திரையில். எனாலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகிய மாத்திரைகள் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாதவிலக்கு தள்ளிப்போனதும் முதல் வேலையாக நர்சம்மாவிடம் சொல்லுங்கள். லபெட்டலால், நிஃபெடிபின் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள். நீங்களாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் பி.பி. ஏறி, தாய்க்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும்.

இன்னொன்று. 'மாலா-என்' போன்ற தினக் கருத்தடை மாத்திரையில் பி.பி.யை ஏற்றும் இயக்குநீர் இருக்கிறது. இரத்தக் கொதிப்புள்ள பெண்கள் அதைப் போடக்கூடாது. ஒரு பக்கம் பி.பி. மாத்திரை, ஒரு பக்கம் அதை ஏற்றும் மாத்திரை என்று இரண்டையும் சேர்த்து விழுங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். "குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் ஒரு மாத்திரைதானா, அதைச் சொல்லணுமா?" என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும். காப்பர்-டி இருக்கிறது, நிரோத் இருக்கிறது. பிள்ளைகள் போதுமென்றால் கணவருக்குக் கத்தியில்லாத வாசெக்டமி சில நிமிஷ வேலை. அதனால் பி.பி. ஏறாது.

கணவருக்குத் தனியாக

"கொழுப்பு மாத்திரை போட்டா ஆண்மை போயிரும்" என்று சிலர் வெளியே சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். மனைவிக்குக் கூடக் காரணம் தெரியாது. ஸ்டாட்டினால் அப்படி ஆகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. குழாய் கெட்டுப்போவதுதான் ஆண்மைக் குறைவுக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் குழாயைத்தான் இந்த மாத்திரை காக்கிறது. அட்டனலால், நீர் போகும் மாத்திரை போன்ற பழைய பி.பி. மருந்துகள் சிலருக்கு அந்தத் தொந்தரவைத் தருவதுண்டு. வெட்கப்படாமல் டாக்டரிடம் தனியாகச் சொன்னால் வேறு மாற்றித் தருவார். பீடி, சிகரெட் பற்றியும் ஒரு வார்த்தை: குழாயைக் கெடுப்பதில் அதற்கு நிகர் வேறில்லை.

அடுப்படியில்

கொழுப்பு மாத்திரை இறக்கும் பி.பி.யைவிட அதிகம் இறக்குவது உப்பு டப்பாவை மூடுவது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறிய தேக்கரண்டி உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் அதைப்போல் இரண்டு மடங்கு தின்கிறோம். இரத்தக் கொதிப்புள்ளவர் தினம் 4 கிராம் அளவுக்கு உப்பைக் குறைத்தால் மேல் பி.பி. 5 பாயிண்ட் இறங்கும். பழைய சோறு நல்லதுதான். அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு இவற்றில்தான் விஷயம் இருக்கிறது. குழம்புக்கு உப்பு போடும் கை மனைவியுடையது என்பதால் பொறுப்பு முழுக்க அவர் தலையில் இல்லை. "சப்புன்னு இருக்கு" என்று தட்டைத் தள்ளாமல் சாப்பிடுவது கணவர் வேலை. மூன்று நாலு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில், பாமாயிலில் ஏறக்குறைய பாதி கெட்டிக் கொழுப்பு. வாங்கினாலும் அதையே முழுக்க ஊற்றாமல் கடலெண்ணெய், நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். எதுவானாலும் அளந்து ஊற்றுங்கள். ராத்திரி புரோட்டாவும் சால்னாவும் வாரம் ஒரு நாள் என்றால் போகட்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடிக் கொடுக்கப்பட்டதை அறிவீர்கள். மாத்திரை வாசலுக்கே வருகிறதே என்று டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடக்கூடாது. கொழுப்பு மாத்திரையின் அளவையும் அவர்தான் இரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு செய்வார்.

பி.பி. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, பீடி கூடாது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுக் கையைக் கொடுங்கள். பேசாமல் இருங்கள். ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது, வழக்கம் போல் ஒன்றுதான். அட்டார்வாஸ்டாட்டினைக் காலையோ ராத்திரியோ எப்போது போட்டாலும் சரி, ஒரே நேரத்தில் போட்டால் மறக்காது. சிம்வாஸ்டாட்டின் மட்டும் ராத்திரிதான்.

புறப்படும்போது வீட்டில் இருவரும் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தீர்ந்துபோன வெற்று அட்டை உட்பட, ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம் எதையும் விட வேண்டாம். முடிந்தால் இருவருமே சேர்ந்து வாருங்கள். எந்த அட்டையில் எத்தனை மிச்சம் என்று ஒருவர் மறைத்தால் மற்றவர் சொல்லிவிடுவார்.